டீ குடித்ததற்கு ஒரு மாத்திரை

மூக்கன் மாஸ்டரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி ஆரம்பிக்கலாம் என்றால் அந்த ஆள் அதற்கு இடம் கொடுத்ததில்லை. "மாஸ்டர், கொஞ்சம் சீக்கிரம்" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அவருடைய கிளாஸை வேண்டுமென்றே கடைசியில் தள்ளி வைப்பார். சர்க்கரை கம்மியாக என்று கேட்டால் ஒரு முறை முறைத்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கே போடுவார். விரலைச் சொடுக்கிக் கூப்பிட்ட மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவரை, "நாயைக் கூப்புடுறீங்களா, மனுசனைக் கூப்புடுறீங்களா?" என்று கேட்டுக் கடையை விட்டே அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரி இருக்கும் சாலையில் மூன்று டீக்கடைகள் இருந்தும், கூட்டம் அவர் நிற்கிற கடையில்தான் இருக்கும். டீ அப்படி.

நான் லிசி. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு காட்டூரில். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கேஸ் போடுவார்கள், கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை.

கடை எதிர்ச்சாரியில் இருந்தது. முதலாளி அப்துல் அஹத் பாய். மூக்கன் முக்கொம்புக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். மீசை முளைக்கும் முன்பே திருச்சிக்கு வந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் கிளாஸ் கழுவி, பிறகு பாய்லர் பக்கம் நகர்ந்து, பாயின் கடைக்கு வந்து சேர்ந்தவர். கல்யாணம் இல்லை. அம்மா மண்டபம் பக்கம் ஒரு அறை. வெள்ளிக்கிழமை தவறாமல் சமயபுரத்தம்மனுக்கு எலுமிச்சம்பழம் வாங்கி பாய்லர் பக்கத்தில் வைப்பார், பாயும் ஒன்றும் சொல்ல மாட்டார். காலையும் சாயங்காலமும் எங்களுக்கு ஃபிளாஸ்க்கில் டீ வரும். யாருக்கு எப்படி வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. எங்கள் இன்சார்ஜ் ரோசம்மாள் சிஸ்டருக்கு மட்டும் டிகாஷன் தூக்கலாகத் தனி ஃபிளாஸ்க் வரும். அது வரத் தாமதமானால் வார்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

போன ஆடி மாதம் கொதிக்கிற பால் சட்டி சரிந்து மாஸ்டரின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. பாயே கைத்தாங்கலாகச் சாலையைக் கடந்து கூட்டிக்கொண்டு வந்தார். "செலவைப் பத்தி யோசிக்காதீங்க, நல்லாப் பாருங்க" என்று மேனேஜர் பெஞ்சமின் சாரிடம் சொன்னார். மாடியில் பொது வார்டில் சேர்த்தோம். வந்த அன்றைக்கே பக்கத்துக் கட்டில்காரரிடம் ஆஸ்பத்திரி காப்பியைத் திட்ட ஆரம்பித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் சர்க்கரை பார்க்க அவருக்கு ரத்தம் எடுத்தேன். ஊசியில் மூடியை மறுபடி மாட்டக் கூடாது என்று படித்திருக்கிறேன். வார்டு சுவரில் படம் போட்டு ஒட்டியும் இருக்கிறது. ஆனால் ஊசி வெட்டுகிற மிஷின் பழுதாகி எத்தனையோ நாளாகிவிட்டது. பழைய ஊசியைப் போடுகிற டப்பா வராந்தாவின் கோடியில் இருந்தது. திறந்த ஊசியை ஏந்திக்கொண்டு ஜனங்களுக்கு நடுவே நான் ஊர்வலம் போக வேண்டுமாக்கும். மூடியை மாட்டப் போனேன். அவர் வலியில் காலை உதற, என் முழங்கை இடிபட, ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலில் இறங்கியது.

குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். இது மாதிரி முன்பும் குத்தியிருக்கிறது. கழுவிவிட்டு வேலையைப் பார்ப்போம், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது மாஸ்டரின் முகம் வேறு மாதிரி இருந்தது.

"சிஸ்டர், இப்படி வாங்க. அந்தத் திரையை இழுத்து விடுங்க."

இழுத்துவிட்டேன்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ரொம்ப வருசமா ஜி.எச்.ல மாத்திரை வாங்கிச் சாப்புடுறேன். நீங்க உடனே மாத்திரை போடணும். நேரம் கடத்தாதீங்க."

பயமும் கோபமும் ஒன்றாக வந்தால் எனக்கு எப்போதும் கோபம்தான் முந்திக்கொள்ளும். "ஏன் மாஸ்டர் முதல்லயே சொல்லல? வந்து சேரும்போதே சொல்லத் தெரியாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"சொல்லியிருந்தா இந்தக் கட்டில்ல படுக்க வச்சிருப்பீங்களா?"

அவர் எப்படி அந்த நோயை வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. இதைப் படிப்பவர்களில் அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று துடிப்பவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம்.

விஷயம் இதுதான். இப்படி ஊசி குத்தினால் கிருமி உடம்பில் கால் ஊன்றும் முன்பே தடுக்கிற மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. மூன்று நாள் தாண்டினால் போட்டும் புண்ணியமில்லை. ஆரம்பித்தால் நாலு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். மாஸ்டர் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர், போன முறை சோதித்தபோது ரத்தத்தில் கிருமி கணக்குக்கே அகப்படவில்லை என்றார். அப்படிப்பட்டவரிடமிருந்து தொற்றுவது மிக மிக அபூர்வம். இருந்தாலும் மாத்திரை போடுவதுதான் முறை.

டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். சின்னப் பையன், நல்ல மாதிரி. "யாருக்கும் தெரியக் கூடாது சார், அவர் என்னை நம்பிச் சொல்லியிருக்கார்" என்றேன். "கண்டிப்பா சிஸ்டர்" என்றார். எமர்ஜென்சி அறை அலமாரியில் அந்த மாத்திரை ஒரு டப்பா எப்போதும் இருக்கும். சாவி மேனேஜரிடம். மேனேஜர் ஜங்ஷன் பக்கம் பாங்கில். போனை எடுக்கவில்லை. உயிர் காக்கிற மருந்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றுகிற நிர்வாகத்தை என்ன சொல்லித் திட்டுவது?

திரும்பி வந்து மாஸ்டரிடம் சொன்னேன். தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு ஏலக்காய் டின்னை எடுத்தார். உள்ளே லேபிள் கிழித்த ஒரு மாத்திரை டப்பா. கடையில் யார் கண்ணிலும் படாமலிருக்க அப்படி வைத்துப் பழக்கமாம்.

"உங்களுக்குக் குடுக்குறதும் இதே மாத்திரைதான் சிஸ்டர். டாக்டரைக் கேட்டுக்கிட்டுப் போடுங்க."

டாக்டரிடம் காட்டினேன். அதேதான், போடுங்கள் என்றார். மாஸ்டரின் பங்கிலிருந்து ஒன்றை அவர் சொம்புத் தண்ணீரிலேயே விழுங்கினேன்.

"ஜி.எச்.ல எண்ணித்தானே குடுப்பாங்க, உங்களுக்குக் குறையுமே?" என்று கேட்டேன்.

"கீழ விழுந்துருச்சுன்னு சொல்லிக்கிறேன். திட்டுவாங்க, வாங்கிக்கிறேன். ஊர்ல எத்தனை பேரை நான் திட்டுறேன்" என்றார்.

டாக்டரின் "கண்டிப்பா" மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது. சாயங்காலம் மாஸ்டரின் கட்டில் கக்கூஸ் பக்கத்து மூலைக்குப் போயிருந்தது. எல்லாருக்கும் எவர்சில்வர் தட்டு, அவருக்கு மட்டும் காகிதத் தட்டு. அதையும் நீட்டிக் கொடுக்காமல் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒருத்தரும் கிட்டே போகவில்லை. நானே மாற்றினேன். பழைய கட்டு ஒட்டிப்போய், பிரிக்கும்போது ரத்தம் வந்தது. அவர் சத்தமே போடவில்லை. விடிந்து எழுந்தால் திட்டிக்கொண்டே இருக்கிற மனிதர் வாயை மூடிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்தபோது ரோசம்மாள் சிஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"ஏன் லிசி, இத்தனை வருசமா அவன் போட்ட டீயைத்தானே நாம எல்லாரும் குடிச்சோம்?"

"ஆமா சிஸ்டர். அதுக்கென்ன?"

"போன மாசம் அவன் கையில பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். நான் என் கண்ணால பாத்தேன்."

சிரித்துவிட்டேன். விளையாடுகிறார் என்றே நினைத்தேன். முப்பது வருஷ சர்வீஸ். எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். டீயில் எச்.ஐ.வி. வராது என்பது இன்றைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மறுநாள் காலையில் என் இரண்டாவது மாத்திரைக்காக எமர்ஜென்சிக்குப் போனேன். மேனேஜர் வந்துவிட்டார், அலமாரி திறந்திருந்தது. டப்பாவை எடுத்துக் குலுக்கினேன், சத்தமே இல்லை. திறந்தால் அடியில் பஞ்சும் ஈரம் உறிஞ்சுகிற ஒரு சின்னப் பொட்டலமும் மட்டும் கிடந்தன.

விசாரித்தேன். ரோசம்மாள் சிஸ்டர் எடுத்திருந்தார். லேபில் வேலை பார்க்கிற சித்தார்த்தன் எடுத்திருந்தான். மேனேஜர் பெஞ்சமின் சார் தனக்கும் தன் மனைவிக்குமாக எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது மாஸ்டரிடம் ஃபிளாஸ்க்கில் வாங்கிப் போய் வீட்டோடு குடிப்பாராம். யாருக்கும் ஊசி குத்தவில்லை. யார் மேலும் ஒரு சொட்டு ரத்தம் படவில்லை. டீ குடித்ததற்கு மாத்திரை! ஊசி குத்தியவளுக்கு வைத்திருந்த மருந்தைப் பொங்கல் பிரசாதம் மாதிரி பங்கு போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"நீங்கள்லாம் படிச்சவங்கதானா?" என்று கத்தினேன். எமர்ஜென்சியில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன். "கொதிக்கக் கொதிக்க டீ குடிச்சீங்க சிஸ்டர்! அதுல என்ன வரும்? நாக்கு வெந்தாத்தான் உண்டு!"

ரோசம்மாள் சிஸ்டருக்கு முகம் சிவந்தது. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "உனக்கென்ன, ஊசி குத்துச்சுன்னு சொன்னா ஜி.எச்.ல குடுப்பாங்க. நாங்க போய் நின்னா என்ன காரணம் சொல்றது? டீ குடிச்சோம்னா?" என்றார்.

இதை அவர் நியாயம் என்று நம்பித்தான் சொன்னார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தெரியாமல் செய்தால் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்தும் பயப்படுகிறவரிடம் என்ன சொல்லி என்ன பயன்?

சீருடையோடேயே பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஜி.எச்.சுக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டு, எனக்கும் ஒரு சோதனை எடுத்து, நாலு வாரத்துக்கான மாத்திரையைக் கையில் கொடுத்தார். "தலைவலி வரும், குமட்டும். நிறுத்திடாதீங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் மூக்கைப் பொத்தவில்லை, நாற்காலியைத் தள்ளிப் போடவில்லை.

நான் திரும்பி வந்தபோது மூலைக் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டிருந்தார்கள்.

மேனேஜர் காலையிலேயே பாயை வரச்சொல்லி, வராந்தாவில் நாலு பேர் கேட்க, "அந்த மாதிரி கேஸெல்லாம் நாங்க வச்சுக்கிறதில்ல பாய். ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிடுங்க. உங்க கடையிலயும் பாத்துக்கங்க" என்றிருக்கிறார். பாய்க்கு அதுவரை ஒன்றும் தெரியாது. சுவரோரப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்து மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எந்த ரகசியத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் இத்தனை வருஷம் ஏலக்காய் டின்னைச் சுமந்தாரோ, அதை எனக்காகத் திறந்து காட்டிய மறுநாளே ஊர் முழுக்கக் கொட்டிவிட்டார்கள்.

நாலு வாரமும் மாத்திரை சாப்பிட்டேன். காலையில் குமட்டும், பஸ் வாசனையே ஆகாது. வீட்டில் என் கணவர் ஆசீர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். அதைத் தூக்கி வாசலில் எறிந்தேன். அன்று எங்களுக்குள் நடந்த சண்டை தெருக்கோடி வரை கேட்டிருக்கும். மறுநாளிலிருந்து என் டம்ளரிலேயே காப்பி குடித்தார். அவருக்காவது சண்டை போட்டதும் உறைத்தது. ஆஸ்பத்திரியில் டீக்காக மாத்திரை தின்றவர்களோ, இரண்டு நாள் வாந்தி வந்ததும் நிறுத்திவிட்டார்கள். மீதியை எந்தக் குப்பையில் போட்டார்களோ, தெரியாது.

மாஸ்டரின் கால் ஜி.எச்.சில் ஆறியது. பாய் நல்ல மனிதர், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாஸ்டரை மறுபடி பாய்லர் முன்னால் நிறுத்தினார். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபிளாஸ்க் போகவில்லை. எங்கள் ஆட்கள் பாய் கடைக்கு எதிரே இருந்த கடையில் கூட்டமாக நின்று, அங்கிருந்து மாஸ்டரையே பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். ஆட்டோக்காரர்கள் ஏன் என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் சொன்னார்கள். நர்ஸே குடிக்கவில்லை என்றால் வேறு யார் குடிப்பார்? நான் மட்டும் தினமும் போய் அவர் கையால் வாங்கி, எதிரே நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். ஒருத்தி குடிக்கிற டீயில் ஒரு கடை ஓடாது. பால் திரிந்து கொட்டுகிற அளவுக்கு வந்தபோது பாய் கண் கலங்கி, "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர். யாவாரம் நிக்குது" என்றாராம். மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் கே.கே. நகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று பாய் மூலம் தெரிந்து தேடிப் போனேன். ஒருவருக்கு இந்த நோய் இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது குற்றம் என்று சட்டம் இருக்கிறது. புகார் எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சீருடை சட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது.

"முதல்ல நீங்க சொல்லுங்க, மாத்திரையை முழுசாப் போட்டீங்களா?" என்றார்.

போட்டேன் என்றேன். புகாரைப் படித்துக் காட்டினேன்.

"வேண்டாம் சிஸ்டர். கையெழுத்துப் போட்டா இங்கயும் தெரியும். அப்புறம் எந்தக் கேட்டுக்குப் போறது?"

"அப்ப அவங்களை இப்படியே விட்டுடுறதா மாஸ்டர்? நீங்க என்ன தப்புப் பண்ணீங்க? எனக்கு நல்லதுதானே பண்ணீங்க?"

அவருக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நல்லது பண்ணேன், பாத்துட்டேன்ல! இன்னொரு தடவை எந்த ஆஸ்பத்திரியில படுத்தாலும், எந்த நர்ஸுக்கு ஊசி குத்தினாலும் வாயைத் திறக்க மாட்டேன். செத்தாலும் திறக்க மாட்டேன். போய் உங்க ஆஸ்பத்திரியில சொல்லுங்க."

புகாரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவரால் பிழைத்த நான் என்ன சொல்வது?

கடைசிச் சோதனையிலும் எனக்குக் கிருமி இல்லை என்று வந்தது. மேனேஜர் வார்டுக்கே கேக் வாங்கிவரச் செய்தார். மேலே ஆங்கிலத்தில் என் பெயர், பக்கத்தில் ஒரு சிரித்த முகம். நர்ஸுகள், லேப் ஆட்கள், அந்த டியூட்டி டாக்டர் எல்லாரும் கூடிக் கை தட்டினார்கள். நம்ம லிசியைக் கடவுள் காப்பாற்றினார் என்றார் மேனேஜர். ரோசம்மாள் சிஸ்டர் கத்தியை என் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசு லிசி" என்றார். அவர் வலது கைக் கட்டைவிரலில் புதுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, காலையில் குப்பைப் பையைக் கட்டும்போது எவனோ போட்ட ஊசி குத்திவிட்டது, கழுவிவிட்டேன் என்றார்.

கத்தியை மேஜையில் வைத்தேன். மூக்கன் மாஸ்டர் கே.கே. நகர் கேட்டில் நின்று சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். டியூட்டி டாக்டர் தரையைப் பார்த்தார்.

ரோசம்மாள் சிஸ்டர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு வார்டில் வரிசையாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்தார். ஒவ்வொரு கட்டிலிலும் ஒருவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"இதுல யாருக்காவது இருக்குன்னா நமக்குச் சொல்லுவாங்கதானே லிசி?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டாங்க சிஸ்டர்" என்றேன்.